மூணு ராத்திரிக்குக் கூலி

கோவில்பட்டியில் ஒரு சந்துக்குள் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எட்டடிக்கு ஆறடி. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று வால்வு செட்டுகள் முதுகைத் திறந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். டிரான்சிஸ்டர் வந்து வெகுகாலமாகி, டிவியும் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்த எண்பதுகளின் பிற்பகுதி அது. வால்வு செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்துகொண்டே இருந்தார்கள். அப்படி வந்த கடைசிச் சிலரில் ஒருவர் பக்கத்துத் தெரு சலூன்காரர். அவருடைய மர்ஃபி செட் போட்டவுடன் நன்றாகப் பாடும். ஒரு மணி நேரம் ஆனதும் தொண்டை கட்டினாற்போல இறங்கிவிடும். தலையில் ஒரு தட்டு தட்டினால் ஒரு நிமிஷம் எழும்பி மறுபடி படுத்துக்கொள்ளும்.

இந்த மாதிரிக் கோளாறு மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காது. தேடுகிற நேரத்தில் இல்லாமலே போய்விடுகிற கோளாறு. சந்தேகப்படும் இரண்டு கண்டன்சரை மாற்றிக் கொடுத்தனுப்பிவிட்டு, திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பதுதான் வழக்கம். அப்பா செட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதைப் போட்டுவிட்டு, சூடேறட்டும் என்று ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். குரல் இறங்கியதும் தேடத் தொடங்குவார். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், இரும்பால் தொடக்கூடாது. எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆலைக்குப் பஞ்சமில்லை. மருந்து முக்காத வெறும் குச்சிகள் கை நிறைய எடுத்து வந்திருந்தார். அதில் ஒன்றால், ஈயம் வைத்த ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுத் தொட்டு அழுத்திப் பார்ப்பார். முதல் ராத்திரி இல்லை. இரண்டாவது ராத்திரியும் இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். "ஏய், எந்திரி. இங்க வந்து பாரு" என்று என்னை எழுப்பினார். ஐஎஃப்டி என்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவுக்கு அடியில், வெளியே தெரியாத மூலையில் ஒரு டிரை சால்டர். பார்வைக்குப் பிடித்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. சூட்டில் மயிரிழை விரிந்தால் தொடர்பு விட்டுப் போகும். குச்சியை என் கையில் கொடுத்து, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அழுத்தினேன். ஏதோ தூர தேசத்துப் பாஷையில் ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தது திடீரென்று அறை முழுவதும் கேட்டது. எடுத்தேன். போய்விட்டது. அழுத்தினேன். வந்தது. அப்பாவின் முகத்தில் அன்று இருந்ததைப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் நான் பார்க்கவில்லை.

சலூன்காரரிடம் எட்டு ரூபாய் வாங்கினார். ஒரு இணைப்புக்கு ஈயம் வைத்ததற்கு அதற்கு மேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. என் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக அந்த வாரம் காத்துக்கொண்டிருந்த அம்மா, அந்த எட்டு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மூணு ராத்திரி கண்ணு முழிச்சதுக்கு யாரு கூலி குடுப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா சண்டைக்காகக் கேட்கவில்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது. உண்மையாகவே பதில் வேண்டித்தான் கேட்டாள்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தது பணத்துக்காக. கிண்டியில் பொறியியல் கவுன்சிலிங்குக்கு அப்பாவும் நானும் ராத்திரி பஸ் பிடித்துப் போனோம். பிளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்த்து எனக்கு இரண்டு வழி இருந்தது. "எலெக்ட்ரானிக்ஸ்னா நல்லாருக்குமே" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு என்ன சம்பளம் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவின் கேள்விக்கு நான் கொடுக்க நினைத்த பதில் அதுதான்.

இதில் எனக்கு வருத்தம் கிடையாது. "பிடித்ததைப் படி, பணம் தானாக வரும்" என்கிற அறிவுரையை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அப்பாவுக்குப் பிடித்தது, பணம் வரவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை சம்பளத்தைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தால் அது பேராசை ஆகாது. தன் வீட்டுக் கடனின் வட்டியை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளையின் கணக்கு அது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறந்த பிறகு வந்த பத்தாண்டுகளில் தென் மாவட்டங்களில் எத்தனை ஓட்டு வீடுகள் கான்கிரீட் ஆயின, எத்தனை தங்கைகள் படித்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தச் சம்பளத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

ஆனால் சம்பளத்துக்காக உள்ளே போனவனையும் அந்தக் குச்சி விடவில்லை. ஒரு வெளிநாட்டு வங்கியின் கணக்குகளை ராத்திரி நேரத்தில் சரிபார்க்கும் நிரல்களோடு 11 ஆண்டுகள் இருந்தேன். பெரும்பகுதி அலுப்பூட்டும் வேலை. நடுநடுவே, மாதத்தின் கடைசி நாளில் மட்டும் வருகிற ஒரு பிழை, குறிப்பிட்ட ஒரு கிளைக்கு மட்டும் ஒரு காசு கூடுகிற ஒரு பிழை என்று ஏதாவது வரும். அப்போது மட்டும் நேரம் போவது தெரியாது. இருட்டில் ஒவ்வொரு இணைப்பாக அழுத்திக்கொண்டு போவேன். கண்டுபிடித்த கணத்தில் அந்தத் தூர தேசத்து ஆளின் குரல் கேட்கும்.

இந்தத் துறையில் நம் ஊரில் ஒரு விதி இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கப்படாத விதி. எழுதி வைத்த விதிகளைவிடக் கறாரானது. பத்து வருஷம் ஆகிவிட்டால் நிரல் எழுதக்கூடாது. எழுதுகிறவர்களை மேய்க்க வேண்டும். "இன்னும் கோடிங்தான் பண்றீங்களா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், குரலில் ஒரு இரக்கம் இருக்கும். சமையலில் கைதேர்ந்தவரைப் பார்த்து, இன்னும் அடுப்படியில்தான் நிற்கிறீர்களா என்று கேட்பது போன்றது இது. என்னை மேனேஜர் ஆகச் சொன்னார்கள். ஆறு மாதம் ஆகிப் பார்த்தேன். நாள் முழுக்கக் கூட்டங்கள், எக்செல் அட்டவணை, யாருக்கு எத்தனை சதவீதம் உயர்வு என்கிற பேரம். அது தாழ்ந்த வேலை இல்லை. அதை நேசித்து, நன்றாகச் செய்கிற மனிதர்களை அறிவேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை. என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, குச்சி வைத்திருக்கிற 20 பேரின் வருகைப் பதிவேட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குப் பட்டது.

2012இல் அதை விட்டுவிட்டு, இந்திய மொழிகளில் தேடும் மென்பொருள் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். மொத்தம் 11 பேர். பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சேருவதற்கு முன் மனைவியிடம் சொன்னபோது அவள் வாழ்த்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "கணக்கு போட்டுக் காட்டுங்க. வீட்டுக் கடன் கட்ட முடியும்னா போங்க" என்றாள். போட்டுக் காட்டினேன். மாதம் ஒரு சிறு துண்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு வருகிறவள், சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கத் தொடங்கினாள்.

அங்கே சேர்ந்த மூன்றாவது மாதம். சொல்லின் முடிவைக் கொண்டு தேடுவதற்கு ஒரு பழைய உத்தி உண்டு: எல்லாச் சொற்களையும் பின்னாலிருந்து முன்னாகத் திருப்பி ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வது. அதற்கு நான் எழுதிய சிறு நிரல் ஒழுங்காகத் திருப்புகிறதா என்று பார்க்க, திருப்பினாலும் மாறாத ஒரு சொல்லைக் கொடுத்தேன். விகடகவி. சின்ன வயதில் எல்லோரும் சொல்லி விளையாடிய சொல். திரையில் வந்தது வேறு. முதலில் ஒரு புள்ளி வட்டம், அதன்மேல் ஆதாரமில்லாமல் தொங்குகிற ஓர் இகரக் கொக்கி. அதற்குப் பிறகு 'வகடகிவ'.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிகோடில் 'வி' ஓர் எழுத்து இல்லை. 'வ' தனி, கொக்கி தனி, இரண்டு குறிகள். நம் கண்ணுக்கு விகடகவி 5 எழுத்து, எந்திரத்துக்கு 7. அந்த ஏழையும் வரிசையாகத் திருப்பினால் கடைசிக் கொக்கி முன்னால் வந்து அந்தரத்தில் தொங்குகிறது. முதல் 'வி'யின் கொக்கி அவிழ்ந்து பக்கத்து ககரத்தின்மேல் ஏறிக்கொள்கிறது. 'தமிழ்' என்ற சொல்லை எண்ணச் சொன்னேன். மூன்று என்று நாம் சொல்வதை எந்திரம் ஐந்து என்றது.

இது யாருடைய பிழை என்று தேடிப் போனால் கதை நீண்டுகொண்டே போனது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட இலக்கணம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் புள்ளி வைத்த மெய்தான் அடிப்படை. உயிர் வந்து ஏறும்போது புள்ளி போகிறது. யூனிகோடில் அது தலைகீழ். அங்கே அகரம் ஏறிய 'க'தான் அடிப்படை. புள்ளி வந்து அந்த அகரத்தை அகற்றுகிறது. இந்திய எழுத்து முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வார்ப்பு செய்த இஸ்கி என்னும் பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு வந்த ஏற்பாடு அது. 'கெ' என்று எழுதினால் கண்ணுக்குக் கொம்பு முன்னால் நிற்கும்; நினைவகத்தில் ககரத்துக்குப் பின்னால் இருக்கும். 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஓர் எழுத்து என்றால் என்ன என்ற கேள்வியை அன்று சாயங்காலம் எனக்கு ஒரு மென்பொருள் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அலுவலகத்தில் யாரும் இல்லை. காவலர் விளக்கை அணைக்க வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். மணி ஒன்பதரை.

வேலையில் இன்பம் என்று நான் சொல்வது இதை. சந்தோஷம் என்ற சொல் இதற்குப் பொருந்தாது. அந்த மூன்று மணி நேரத்தில் நான் சிரிக்கவில்லை, கழுத்து வலித்தது, பசித்தது. ருசி என்று சொல்லலாம். நாக்கில் ஒட்டிக்கொள்கிற ருசி. ஆறு மாதம் மேனேஜராக இருந்தபோது எனக்கு இல்லாமல் போனது சந்தோஷம் அல்ல, இந்த ருசி. அன்று ராத்திரி வீட்டுக்குப் போனபோது கூடத்தில் டியூஷன் பிள்ளைகள் போய், சிந்திய பென்சில் சீவல்களை மனைவி கூட்டிக்கொண்டிருந்தாள். என்னுடைய அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஒரு காட்சியில் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு கணினி வரலாற்றில் எதைப் படித்தாலும் கூலி யார் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன். 1969இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸை எழுதிய கதையை எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்திலிருந்து ஆய்வகம் அந்த ஆண்டு விலகிக்கொண்டது. தாம்சன் சூரிய மண்டலத்தில் விண்கலம் ஓட்டுகிற ஒரு விளையாட்டை எழுதி வைத்திருந்தார். பெரிய கணினியில் அதை ஒரு தடவை ஆட 75 டாலர் அளவுக்குக் கணினி நேரம் செலவானது. அதனால் ஒரு மூலையில் அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய எந்திரத்துக்கு விளையாட்டை மாற்றினார். அதற்காகச் செய்த கருவிகளிலிருந்துதான் புதிய இயங்குதளம் முளைத்தது. அதைச் செய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இன்று உலகத்தின் பெரும்பாலான சர்வர்களிலும் செல்பேசிகளிலும் ஓடிக்கொண்டிருப்பது ஏதோ ஒரு வகையில் அதன் வழிவந்தது.

இந்தக் கதையில் ஒரு வரியை எல்லோரும் வேகமாகக் கடந்துபோவார்கள். அந்தக் கோடையில் அவருடைய மனைவி, ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சில வாரங்கள் கலிபோர்னியாவில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த வாரங்களில்தான் இயங்குதளத்தின் முக்கியப் பகுதிகளை, வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், தாம்சன் எழுதி முடித்தார். நான் அங்கே நின்றுவிடுகிறேன். ஒரு வயதுக் குழந்தை ராத்திரியில் எத்தனை தடவை எழும் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது: மாதம் பிறந்தால் தாம்சனுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் தொலைபேசியைத் தன் கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டி, அந்த வருமானத்தில் பெல் ஆய்வகத்தை நடத்தியது. என்ன செய்கிறாய் என்று ஒவ்வொரு வாரமும் கேட்காத ஒரு சம்பளம். அப்பாவின் கடைக்கு அப்படி ஒரு தொலைபேசி கம்பெனி பின்னால் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

டொனால்ட் குனுத்தின் கதை வேறு மாதிரி. கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1968இல் வந்தது. இரண்டாம் தொகுதியின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப் படிகளை 1977இல் பார்த்தார். அச்சகத்தார் பழைய உலோக எழுத்தை விட்டு வேறு முறைக்கு மாறியிருந்தார்கள். பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பெருநூலை அப்படியே நிறுத்திவிட்டு, எழுத்தைச் சரியாக அச்சுக்கோக்கும் ஒரு மென்பொருளைத் தானே செய்ய உட்கார்ந்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. டெக் என்ற அந்த மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார். அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை என்ற எண்ணை இன்னும் ஒரு இலக்கம் நெருங்கும். தன் நூல்களில் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பினார். 256 சென்ட், பதினாறடிமான எண்முறையில் நூறு. வாங்கியவர்கள் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். காசோலை காசாக மாறாமலே கூலியாக இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்தச் சுவர்கள். ஆனால் குனுத் அப்போது ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தார். சுவரில் மாட்டியவர்களுக்கும் சோறு வேறெங்கிருந்தோ வந்தது.

நம் மொழிக்கு நடந்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் மனம் கனத்துவிடுகிறது. இந்தக் கட்டுரையை நீங்கள் தமிழ் எழுத்தில் திரையில் படிக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் எத்தனையோ பேருடைய கண்விழித்த ராத்திரிகள் இருக்கின்றன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். பிறகு அதைத் தொழிலாகவும் வளர்த்தெடுத்தார். சுவிட்சர்லாந்தின் லொசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம், மயிலை என்ற எழுத்துருவைச் செய்து கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சங்க நூல்களிலிருந்து பாரதி வரை தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு இலவசமாகக் கிடைக்கச் செய்தார்கள். அதிராம்பட்டினத்துக்காரரான உமர் தம்பி தேனீ எழுத்துருவைச் செய்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், 2006இல் காலமானார். தமிழ் விக்கிப்பீடியாவை 2003 முதல் வளர்த்த மயூரநாதன், வளைகுடாவில் பணிபுரிந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர். ஒருவர் வேதியியலார், ஒருவர் கட்டடக் கலைஞர். பகலில் வேறு ஒரு வேலை கூலி கொடுத்தது; தமிழுக்கு ராத்திரிகளைக் கொடுத்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, வயிற்றுக்கு ஒரு வேலை, மனத்துக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டால் போயிற்று என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நானும் சில காலம் அப்படி முயன்றேன். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் இரண்டு மணி நேரம் வருகிறவனுக்கு ராத்திரி என்று எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சியவர்களை வணங்குகிறேன். எல்லோராலும் முடியாது. அதனால்தான் பகலையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது எனக்கு.

நேசத்தோடு செய்கிறவர்கள்தானே, கொடுக்காவிட்டாலும் செய்வார்கள் என்ற எண்ணம் ஒன்று உலகத்தில் ஊறிக் கிடக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. வங்கி, கடை, அஞ்சல் என்று இணையத்தின் பெரும் பகுதி தன் ரகசியங்களைக் காக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரலில் இருந்த ஓட்டை. அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த நிரலை முழுநேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அந்தத் திட்டத்துக்கு ஆண்டு முழுக்க வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அதன்மேல் வியாபாரம் கட்டிய நிறுவனங்களின் வருமானம் கோடிகோடியாக இருந்தது. பிறகு பெரிய நிறுவனங்கள் கூடிப் பணம் போட்டன. அதைப் படித்த அன்று எனக்குச் சலூன்காரரின் எட்டு ரூபாய் நினைவுக்கு வந்தது. சலூன்காரராவது ஏழை. அவரிடம் அதற்கு மேல் இருந்திருக்காது.

அப்பா 2016இல் இறந்தார். கடைசி வருஷங்களில் கடை இல்லை. என்னுடைய வேலை என்ன என்று ஒரு தடவை கேட்டார். விகடகவி கதையைச் சொன்னேன். கொக்கி அவிழ்ந்து பக்கத்து எழுத்தில் ஏறிக்கொண்டதைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப இது டிரை சால்டர்தான்" என்றார். ஒட்டியிருப்பதுபோலத் தெரியும், உள்ளே தனித்தனி. பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா, "அவனுக்காவது மாசம் பொறந்தா சம்பளம் வருது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னாள்.

போன வருஷம் அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது கவுன்சிலிங் எல்லாம் இணையத்தில். கிண்டிக்குப் போக வேண்டியதில்லை. கட்-ஆஃபை வைத்துக்கொண்டு கல்லூரிகளை வீட்டிலிருந்தபடியே வரிசைப்படுத்த வேண்டும். எந்தக் கல்லூரியில் எவ்வளவு பேக்கேஜ் என்று மச்சான் தினமும் ஒரு பட்டியல் அனுப்பிக்கொண்டிருந்தார். நிரலை எந்திரமே எழுதிவிடுகிறது என்று இன்னொரு பக்கம் செய்திகள். ஒருநாள் சாயங்காலம் அவள் கேட்டாள்: "மாமா, நான் படிச்சு முடிக்கிறப்ப இதுல வேலை இருக்குமா?"

"தெரியலம்மா" என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. சம்பளத்தைப் பற்றி அவள் கேட்டதை எல்லாம் தெரிந்தவரை சொன்னேன். அதைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பழைய மடிக்கணினியைத் திறந்து, பைத்தானில் ஒரு சொல்லைத் திருப்புகிற ஒரு வரியைக் காட்டி, விகடகவி என்று தட்டச்சச் சொன்னேன். திரையில் அந்தரத்துக் கொக்கி வந்தது. "ஐயோ, இது என்ன?" என்றாள். நான் விளக்கவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில், கொக்கியையும் காலையும் கொம்பையும் புள்ளியையும் அதனதன் எழுத்தோடு சேர்த்துப் பிடித்து, எழுத்து எழுத்தாகத் திருப்புகிற நிரல் ஒன்றை எழுதிவிட்டாள். விகடகவி விகடகவியாகவே வந்தது. தேருவருதே வந்தது. இன்னும் பெரியதாக ஏதாவது வேண்டும் என்றாள். ஞானசம்பந்தர் சீர்காழியைப் பற்றி, திருப்பினாலும் மாறாத மாலைமாற்றாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார், மூன்றாம் திருமுறையில் இருக்கிறது என்றேன். ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் இப்படி உட்கார்ந்து யோசித்தாரா என்று நம்பாமல் பார்த்தாள். முதல் பாட்டில் ஆறே எழுத்துகள்தான் மாறி மாறி வரும், எல்லாம் நெடில். இணையத்தில் எங்கிருந்தோ அதை நகலெடுத்து நிரலுக்குக் கொடுத்தாள். இல்லை என்றது. சொற்களுக்கு நடுவிலிருந்த இடைவெளிகளை நீக்கினாள். மறுபடியும் இல்லை.

மணி பத்தரை. மனைவி எப்போதோ சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். இவள் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக எண்ணினாள். 28. நிரலை எண்ணச் சொன்னாள். 29. மறுபடி எண்ணினாள். 28. தன் நிரலின் ஒவ்வொரு வரியையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு 29 எழுத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடச் சொல்லி, பட்டியலில் மெதுவாக இறங்கிவந்தவள் ஓரிடத்தில் நின்றாள். மற்ற எல்லா எழுத்தும் காலும் கொக்கியும் போட்டு நிற்க, ஒரு 'ய' மட்டும் கால் இல்லாமல் நின்றது. அதற்கு அடுத்த வரியில் தனியாக ஒரு 'ர'.

"மாமா, இந்தப் பாட்டுல ர-வே கிடையாதே."

யாரோ தட்டச்சியவர் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்திருந்தார். வரியில் சேர்ந்து கிடக்கும்போது கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இத்தனை நாள் படித்த யாருக்கும் அது தட்டுப்பட்டிருக்காது. அவள் சட்டென்று பட்டியலின் மறுமுனைக்குப் போய், அங்கிருந்து எதிர்ப்பக்கமாக எண்ணிக்கொண்டு வந்தாள். அதே இடத்தில் 'யா' இருந்தது. "இந்தப் பக்கம் தப்பா இருந்தாலும் அந்தப் பக்கம் இருக்குல்ல மாமா, அதப் பாத்தே திருத்திக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுத் தான் என்ன சொன்னோம் என்பதில் தானே ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

அக்கா போனில் கூப்பிட்டாள். "பிள்ள தூங்கிட்டாளா?"

"இல்லக்கா, இன்னும் சாப்பிடவே இல்ல."

மீதி பத்துப் பாட்டும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டாவதை நகலெடுக்கத் தொடங்கியிருந்தாள். படுக்கையறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, நான் போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.